அத்தான் திறந்த லூக்கா

ரங்கூனில் நாங்கள் கத்தோலிக்கர். அக்காவைக் கட்டிய அத்தான் மெதடிஸ்ட், புராட்டஸ்டண்ட் சபைக்காரர். போன ஞாயிறு சாப்பாடு முடிந்ததும் கேட்டார்: "ஏம்மா, மரியாளை ஏன் கும்பிடுறீங்க?"

குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார். "கும்பிடலை அத்தான், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்னு கேக்குறோம்."

ஓரம் கிழிந்த தன் பைபிளில் லூக்கா 1:28-ல் விரல் வைத்து வாசித்தார்: "கிருபை பெற்றவளே, வாழ்க." சின்ன வயதிலிருந்து நான் சொல்லும் "அருள் நிறைந்த மரியே வாழ்க" அதேதான்! அவருக்குக் கிருபை, எங்களுக்கு அருள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று மரியாளைக் கேட்கும் ஜெபத்தின் பின்பாதியை அவர் ஏற்கவில்லை. சரி, அது இன்னும் பேசவேண்டியது. அப்புறம், மனிதன் நீதிமானாவது கிருபையால்தான் என்று 1999-ல் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் கையெழுத்திட்ட அறிக்கையில் 2006-ல் மெதடிஸ்டுகளும் சேர்ந்ததைச் சொன்னேன். அத்தான் கண்ணாடியைத் துடைத்தார்.

"அதைக் கொண்டு வாம்மா, சேர்ந்து படிக்கலாம்."