இரண்டு பல்கலைக்கழகம், ஒரு பொருளாதார முதுகலை

ஐரோப்பாவில் இரு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் ஈராண்டு முதுகலைக்குப் பெரும்பாலும் 120 ஈசிடிஎஸ் (படிப்புச் சுமையை அளக்கும் ஐரோப்பியப் பொது அளவு) கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. முதல் ஆண்டில் மைக்ரோ (தனிநபர், நிறுவனங்களின் பொருளாதாரம்), மேக்ரோ (நாட்டின் மொத்தப் பொருளாதாரம்), எக்கனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவுகளுக்கான புள்ளியியல்) மூன்றும் ஆளைச் சோதித்துவிடும். மேட்ரிக்ஸ், நிகழ்தகவு, லக்ராஞ்சியன் (கட்டுப்பாடுகளுக்குள் உச்சம் அல்லது குறைந்தபட்சம் காணும் கணித முறை) எல்லாம் சேருவதற்கு முன்பே கைக்குப் பழகியிருக்க வேண்டும்.

பலர் கவனிக்காமல் விடுவது, ஒரு நாட்டில் வாங்கிய மதிப்பெண்ணை இன்னொரு நாட்டின் அளவுக்கு மாற்றுவதை. தேர்ச்சிக்கு பிரான்ஸில் 20க்கு 10, இத்தாலியில் 30க்கு 18. ஜெர்மனியில் தலைகீழ்: 1.0 உச்சம், 4.0 தேர்ச்சி. அங்கே பரவலாகப் பயன்படும் பவேரிய சூத்திரத்தில், உச்ச மதிப்பெண்ணிலிருந்து நீங்கள் எடுத்ததைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1 கூட்டுவார்கள். பிரான்ஸில் வாங்கிய 14 இப்படி 2.8 ஆகிவிடும். அங்கே 14 நல்ல மதிப்பெண், 20 வாங்குவதோ அபூர்வம். சூத்திரம் அதைப் பார்ப்பதே இல்லை. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது. எத்தனை சதவீதம் பேர் எந்த மதிப்பெண் பெற்றார்கள் என்ற அட்டவணையை வைத்து மாற்றுவார்களா என்று சேரும் முன்பே எழுத்தில் கேளுங்கள். பட்டம் ஒரே சான்றிதழா, இரண்டா என்பதையும் கூடவே கேட்டுவிடுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016/801 நெறியாணைப்படி, ஒப்பந்தமுள்ள கூட்டுப் படிப்பு என்றால் முதல் நாட்டின் மாணவர் அனுமதியோடு இரண்டாம் நாட்டில் 360 நாள் வரை படிக்கலாம். பல நாடுகளில் முன்னறிவிப்பு கட்டாயம். டென்மார்க்கும் அயர்லாந்தும் இதில் சேராது. இரண்டாம் நாட்டில் இருக்கும் காலம் முழுவதும் முதல் நாட்டு அனுமதி செல்லுபடியாக வேண்டும், ஆகவே புதுப்பிப்பைக் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள்.