சிரட்டையை உரசாமல் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள்

ஆறு மாதம் வாக்கில் உட்காரப் பழகும் பிள்ளைக்குக் கைக்கு எட்டியதெல்லாம் வாய்க்குத்தான். அதைக் கெட்ட பழக்கம் என்று தட்டிவிட வேண்டாம். வழவழப்பு, சொரசொரப்பு, குளிர்ச்சி எல்லாவற்றையும் அந்த வயதில் உதடும் நாக்கும்தான் முதலில் அறிகின்றன. ஆகவே கடையில் கிலுக்கு மாதிரி விளையாட்டுச் சாமான் தேடுவதைவிட, வீட்டில் இருக்கிற பொருளை வாய்க்கு ஏற்றபடி ஆக்குவதில்தான் வேலை அதிகம்.

நம் குமரிப் பக்கத்தில் முதல் பொருள் தேங்காய்ச் சிரட்டை. திருவி முடித்ததும் கண் இல்லாத பாதியை எடுங்கள். கண் உள்ள பாதியில் ஓட்டை விழுந்தால் விரல் மாட்டும். ஒட்டியிருக்கும் நாரைச் சுரண்டிவிட்டு 80 நம்பர் உப்புத்தாளில் உரசி, பிறகு 120, கடைசியில் 240. பாதி நேரம் விளிம்புக்கே போகும். போதுமா என்று பார்க்க, கொஞ்சம் பஞ்சை விளிம்பில் ஓட்டுங்கள். இழை மாட்டினால் இன்னும் உரச வேண்டும். பத்து நிமிடம் கொதிக்க வைத்து, இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டு, துளி தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் தயார். வார்னிஷ் கூடாது. ஆனிச் சாரல், ஐப்பசி மழை என்று வருஷத்தில் இரண்டு மழை நமக்கு. ஈரம் தங்கினால் பூசணம் பூக்கும். பூத்ததை அடுப்பில் போடுங்கள், சிரட்டைக்கா பஞ்சம்!

அடுத்தது துவர்த்து, அதாவது துண்டு. ஈரமாக ஒன்று, காய்ந்தது ஒன்று கொடுத்தாலே பிள்ளைக்கு அது இரண்டு பொருள். ஆனால் ஓரத்தில் தொங்கும் இழைகளை வெட்டி மடித்துத் தைத்துவிடுங்கள். ஒற்றை இழை விரலைச் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கிவிடும்.

இவற்றோடு விளிம்பு மடித்த எவர்சில்வர் கிண்ணம், மர அகப்பை என ஐந்தாறு போதும். போட்டு வைக்க, சுமார் 35 சென்டிமீட்டர் அகலமும் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரமும் உள்ள, பிடி இல்லாத ஓலைப்பெட்டி நல்லது. ஓலையின் ஓரம் உதட்டைக் கிழிக்கும் என்பதால் வாய்ப்பகுதியைச் சுற்றிப் பருத்தித் துணி வைத்துத் தைக்க வேண்டும். அட்டையைச் சுருட்டி 4.5 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு குழல் செய்துகொள்ளுங்கள். அதற்குள் நுழையும் எதுவும் பெட்டிக்குள் போகக் கூடாது.

பல்லாங்குழிப் பெட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள். அதில் ஆடும் மஞ்சாடி விதை தொண்டையில் அடைக்கும். குன்றிமணியோ கடும் விஷம். பச்சைக் கொல்லாங்கொட்டையின் (முந்திரிக்கொட்டை) தோட்டுப் பால் பட்டால் தோல் பொத்துப்போகும். தோவாளைப் பூச்சந்தையிலிருந்து வாங்கிவரும் பூவில் அரளி இருந்தால் அதுவும் விஷம்தான். பூ மணம் காட்ட வேண்டுமானால் பிச்சிப்பூவை உங்கள் கையிலேயே வைத்து மூக்கருகே காட்டுங்கள். பாச்சா உருண்டை போட்ட பீரோவில் இருந்த துணியும் வேண்டாம்.

பாயில் உட்கார வைத்து, பக்கத்திலேயே இருங்கள். எழுந்து போவதானால் பெட்டியும் உங்களோடு வரவேண்டும். "இங்க பாரு, இத எடு" என்று இடையில் புகாதீர்கள். கிண்ணத்தை நாலாவது தடவை கீழே போடுவது அடம் அல்ல. பாயில் விழுந்தால் ஒரு சத்தம், சிமெண்ட் தரையில் விழுந்தால் வேறு சத்தம், அதைத்தான் சரிபார்க்கிறது. பதினைந்து இருபது நிமிடத்தில் முகத்தைத் திருப்பும், கண்ணைக் கசக்கும். அப்போது பெட்டியை எடுத்து, எச்சில் பட்டதையெல்லாம் கழுவி வெயிலில் வைத்துவிடுங்கள்.