நான் நீக்கிய மூன்று புள்ளிகள்

என் முதல் ஆய்வுக் கட்டுரையின் நான்காவது படத்திலிருந்து மூன்று புள்ளிகளை நீக்கிவிட்டுத்தான் அதை ஆய்விதழுக்கு அனுப்பினேன். அப்போது அது தவறாகத் தெரியவில்லை. கருவியில் ஏதோ குறை, குறையுள்ள அளவீட்டைக் காட்டாமல் இருப்பதே நேர்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆய்வு இதுதான். ஒரு செப்புக் குழாயினுள் முறுக்கிய உலோகப் பட்டையைச் செருகினால், உள்ளே ஓடும் தண்ணீர் சுழன்று சுழன்று போகும். குழாய்ச் சுவரிலிருந்து தண்ணீருக்குக் கூடுதல் வெப்பம் கடக்கும். எவ்வளவு கூடுதல், அதற்காகப் பம்பு எவ்வளவு அதிகம் உழைக்க வேண்டியிருக்கிறது என்று அளப்பதே வேலை. பட்டையைச் செருகுவதற்கு முன் வெறும் குழாயில் ஒருமுறை அளந்தாக வேண்டும். வெறும் குழாய்க்கான விடை ஏற்கெனவே தெரிந்தது. நம் கருவி அந்த விடையைத் தருகிறதா என்று பார்த்த பிறகுதான் தெரியாத விடையைத் தேடிப் போகலாம்.

வெறும் குழாயில் எவ்வளவு வெப்பம் கடக்கும் என்று சொல்லும் டிட்டஸ்–போல்டர் சமன்பாட்டோடு ஒப்பிட்டேன். 1930-இல் வந்தது, வெப்பப் பரிமாற்றம் படிக்கும் மாணவருக்கு முதலில் மனப்பாடமாவது அதுதான். ரேனால்ட்ஸ் எண் என்பது ஓட்டத்தின் வேகம் கூடக் கூட உயரும் ஓர் அளவு. அது 7,000-உம் அதற்கு மேலும் இருந்தபோது என் புள்ளிகள் சமன்பாட்டின் கோட்டை ஒட்டியே விழுந்தன. ஓட்டத்தைக் குறைத்து 6,000, 5,000, 4,000 என்று இறங்க இறங்க, புள்ளிகளும் கோட்டை விட்டுக் கீழே இறங்கின. கடைசிப் புள்ளி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தாழ்ந்து நின்றது. வெப்பம் எங்கோ கசிகிறது என்று நினைத்துக் காப்புறையை அவிழ்த்து மறுபடி சுற்றினேன். வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள்களை ஒவ்வொன்றாகப் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்துச் சரிபார்த்தேன். இரண்டு வாரம் போயிற்று. புள்ளிகள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. நீக்கிவிட்டேன்.

எழுதி முடித்ததும் எல்லாம் முடிந்தது என்றிருந்தேன். அது பாதிக் கிணறுதான். முதலில் அனுப்பிய இதழிலிருந்து ஆறே நாளில் கட்டுரை திரும்பி வந்தது. மதிப்பாய்வாளர் யாருக்கும் போகவில்லை. பதிப்பாசிரியரே இரண்டு வரியில், இதழின் எல்லைக்குள் இது வரவில்லை என்று சொல்லியிருந்தார். என் நெறியாளர் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த இதழில் சமீபத்தில் வந்த கட்டுரைகளில் எத்தனையைப் படித்தீர்கள்?" மேற்கோள் காட்டுவதற்காக மூன்றைப் புரட்டியிருந்தேன். அதைத் தவிர எதுவும் இல்லை. இரண்டு ஆண்டு இதழ்களின் பொருளடக்கத்தை உட்கார்ந்து படித்தபோதுதான் தெரிந்தது, அங்கே வருபவை பெரும்பாலும் கணினி வழிக் கணக்கீடுகள். சோதனைக் கட்டுரைகள் அரிது. பெயர் பெற்ற இதழ் என்ற ஒன்றையே பார்த்து அனுப்பியிருந்தேன். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது என்பதால், தவறான வாசலில் நிற்கும் ஒவ்வொரு நாளும் இழப்புதான். எனக்கு ஆறு நாள்தான் போயிற்று. மூன்று மாதம் காத்திருந்து இதே பதிலைப் பெற்றவர்களையும் அறிவேன்.

இரண்டாவது இதழைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். அதன் இணையவாயிலில் கட்டுரையைப் பதிவேற்ற ஒரு முழு நாள் ஆயிற்று. படங்கள் தனிக் கோப்புகளாக வேண்டும். ஒளிப்படம் என்றால் அங்குலத்துக்கு 300 புள்ளி, கோட்டுப்படம் என்றால் 1,000. எழுதியவர் ஒவ்வொருவருக்கும் ஓர்சிட் எனப்படும் 16 இலக்க அடையாள எண். முகப்புக் கடிதம், நலமுரண் அறிக்கை. இவையெல்லாம் வெறும் சடங்கு என்று பலர் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் படிவத்தின் சில கட்டங்கள் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தன.

ஒன்று, கட்டுரையின் சாரத்தை மூன்று முதல் ஐந்து வரிகளில், இடைவெளியும் சேர்த்து வரிக்கு 85 எழுத்துக்குள் எழுதச் சொல்லும் கட்டம். 'வெப்பப் பரிமாற்றம் கணிசமாக உயர்ந்தது' என்ற வகையில் எழுதிப் பார்த்தேன். 85 எழுத்தில் 'கணிசமாக' என்பது இடத்தை அடைக்கும் சொல். அதை எடுத்துவிட்டு எண்ணைப் போட வேண்டியதாயிற்று. எண்ணைப் போட்டதும், அது சரியான எண்தானா என்ற கேள்வி கூடவே வந்தது. சுருக்கத்திலும் முடிவுரையிலும் இருந்த 'கணிசமாக'க்களையெல்லாம் அன்றிரவே தேடித் தேடி எடுத்தேன்.

இன்னொன்று, யார் என்ன செய்தார் என்று கேட்கும் கட்டம். கருத்துருவாக்கம், முறையியல், அளவீடு, எழுத்து என்று 14 வகைப் பங்களிப்புகள் இருந்தன. நிரப்பிக்கொண்டே வந்தபோது, சுவரில் தெர்மோகப்பிள் பதிக்கச் செப்புக் குழாயைத் துளைத்துவிடாமல் மெல்லிய பள்ளங்கள் வெட்டித் தந்த பட்டறைத் தொழில்நுட்பர் நினைவுக்கு வந்தார். பள்ளம் கொஞ்சம் ஆழமாகியிருந்தால் குழாய் வீணாகியிருக்கும். கொஞ்சம் குறைந்திருந்தால் அளவீடு பொய்யாகியிருக்கும். அவர் பெயர் கட்டுரையில் எங்குமே இல்லை. நெறியாளரிடம் சொன்னேன். தொழில்நுட்பரிடம் அனுமதி கேட்டு, நன்றியுரையில் அவர் பெயரையும் அவர் செய்த வேலையையும் சேர்த்தோம்.

கடைசிக் கட்டம் தரவு பற்றியது: அளவீடுகளின் மூலத் தரவு எங்கே கிடைக்கும்? 'கேட்பவருக்குத் தரப்படும்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். தேர்ந்தெடுத்த கையோடு அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். வெறும் குழாய்க்கு 12 வரிசைகள் இருந்தன. படத்தில் 9 புள்ளிகள். யாராவது கேட்டால் இந்த 12-ஐத்தானே அனுப்புவேன்? கோப்பை மூடிவிட்டேன். கட்டுரையை அனுப்பும் பொத்தானையும் அழுத்திவிட்டேன். அந்தச் சில நொடிகளைத்தான் இன்றும் மறக்க முடியவில்லை.

நான்கு மாதம் கழித்து முடிவு வந்தது: பெருந்திருத்தம் தேவை. முதல் மதிப்பாய்வாளர் நான்கு வரி எழுதியிருந்தார். இரண்டாமவர் 17 குறிப்புகள் எழுதியிருந்தார். முதல் வாசிப்பில் கோபம்தான் வந்தது. நெறியாளர், இரண்டு நாள் எதுவும் எழுத வேண்டாம், திரும்பப் படிக்கவும் வேண்டாம் என்றார். அந்த இரண்டு நாளில்தான் ஆஸ்பர்ன் ரேனால்ட்ஸின் கதையைப் படித்தேன். நான் நாள்தோறும் கணக்கிடும் ரேனால்ட்ஸ் எண்ணுக்குப் பெயர் தந்தவர். குழாயில் சாயம் ஓடவிட்டு அவர் செய்த சோதனை பற்றிய 1883-ஆம் ஆண்டுக் கட்டுரை, இயற்பியலாளர்கள் ராலே, ஸ்டோக்ஸ் இருவரின் மதிப்பாய்வில் நல்ல பெயர் பெற்றது. கொந்தளிப்பு ஓட்டம் பற்றிய அடுத்த பெரிய கட்டுரை ஸ்டோக்ஸ், கணிதவியலாளர் லாம்ப் இருவரிடம் போனபோது கதை வேறு. அது அவர்களுக்கு எளிதில் பிடிபடவில்லை, குறை சொன்னார்கள். ரேனால்ட்ஸ் திருத்தினார். 1895-இல் அது வெளிவந்தது. இன்றைய கொந்தளிப்புக் கணக்கீடுகளில் பெரும்பகுதி அந்தக் கட்டுரையின் மேல் நிற்கிறது. ரேனால்ட்ஸே திருத்தியிருக்கிறார் என்றபோது எனக்குக் கோபப்பட இடமில்லை.

மூன்றாம் நாள் நிதானமாகப் படித்தேன். பதினோராவது குறிப்பில் நின்றுவிட்டேன். "பட்டை செருகிய குழாயின் முடிவுகள் 4,000-இல் தொடங்குகின்றன. வெறும் குழாயின் சரிபார்ப்போ 7,000-இல்தான் தொடங்குகிறது. இடையில் உள்ள அளவீடுகள் எங்கே? தவிர, டிட்டஸ்–போல்டர் சமன்பாடு 10,000-க்கு மேற்பட்ட ரேனால்ட்ஸ் எண்களுக்கு உரியது. க்னீலின்ஸ்கி சமன்பாட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்."

முகம் சுட்டது. 10,000 என்ற எல்லை எனக்குத் தெரியாததல்ல, தேர்வில் எழுதியிருக்கிறேன். க்னீலின்ஸ்கியின் 1976-ஆம் ஆண்டுச் சமன்பாடு 3,000-லிருந்தே பொருந்தும் என்பதும் பாடநூலில் அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது. பழகிய சமன்பாடு என்பதால் டிட்டஸ்–போல்டரையே அளவுகோலாகப் பிடித்துக்கொண்டேன்.

12 புள்ளிகளையும் புதிய கோட்டின் மேல் வைத்தேன். பன்னிரண்டும் ஐந்து சதவீதத்துக்குள் விழுந்தன. நான் நீக்கிய மூன்றும் மற்ற ஒன்பதைப் போலவே கோட்டை ஒட்டி உட்கார்ந்திருந்தன. காப்புறையில் கசிவு இல்லை. தெர்மோகப்பிளில் கோளாறு இல்லை. அந்தத் தொழில்நுட்பர் வெட்டிய பள்ளங்கள் மிகச் சரியாக இருந்தன. குழாய் உண்மையைச் சொல்லியிருக்கிறது. நான்தான் அதை வாயடைத்திருக்கிறேன்.

இதோடு நிற்கவில்லை. புள்ளிகளை நீக்கிய இடத்தில் பழைய சமன்பாட்டின் மதிப்பை வைத்தே பட்டையின் பயனை வகுத்துக் கணக்கிட்டிருந்தேன். அந்தச் சமன்பாடு அங்கே உயர்த்திக் காட்டுவதால், பயன் குறைந்து தெரிந்திருக்கிறது. 4,000-இல் 1.6 மடங்கு என்று எழுதியது உண்மையில் 1.9 மடங்கு. ஆய்வின் மிக நல்ல முடிவை நானே மறைத்து வைத்திருந்தேன்.

நெறியாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளிகளை நீக்கியது அவருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பதில் கடிதத்தில் இதை அப்படியே எழுதுங்கள்" என்றார்.

"எழுதினால் கட்டுரையை மறுத்துவிடுவார்களே, சார்?"

"மறுக்கட்டும். இதை எழுதாமல் கட்டுரை அச்சேறக் கூடாது."

மதிப்பாய்வுக்கான பதில் கடிதத்தில் ஒவ்வொரு குறிப்பையும் எடுத்தெழுதி, அதன் கீழே பதிலும், கட்டுரையில் திருத்திய பக்கமும் வரியும் தர வேண்டும். பதினோராவது குறிப்பின் கீழ் எழுதினேன்: "மூன்று அளவீடுகளைத் தக்க காரணமின்றி நான் விலக்கியிருந்தேன்." மறுநாள் நெறியாளர் பார்த்துத் திருப்பித் தந்த படியில் ஒரே ஒரு சொல் மாறியிருந்தது. 'நான்' என்பதை அடித்துவிட்டு 'நாங்கள்' என்று எழுதியிருந்தார்.

இரண்டாம் சுற்றில் அந்த மதிப்பாய்வாளர் ஒரே வரி எழுதினார்: நான்காவது படம் இப்போது முழுமையாக இருக்கிறது, ஏற்றுக்கொள்ளப் பரிந்துரைக்கிறேன். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. சம்பளமில்லாத வேலை அது. என் கட்டுரையை என்னைவிடக் கவனமாகப் படித்த முதல் ஆள் அவர்.

இப்போது என்னிடமும் கட்டுரைகள் மதிப்பாய்வுக்கு வருகின்றன. சுருக்கத்தைப் படித்ததும் நேரே சரிபார்ப்புப் படத்துக்குப் போகிறேன். அது எந்த எண்ணில் தொடங்குகிறது, முடிவுகள் எந்த எண்ணில் தொடங்குகின்றன என்று பார்க்கிறேன். ஒரு கட்டுரையில் இரண்டும் பொருந்தவில்லை. குற்றம் சாட்டுவதுபோல் முதலில் எழுதியதை அழித்துவிட்டு இப்படி எழுதினேன்: "இடைப்பட்ட அளவீடுகள் உங்களிடம் இருந்தால், அவற்றையும் படத்தில் சேருங்கள். அவை சரியானவையாகவே இருக்கக்கூடும்."