நைனா ஓகே சொல்லவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அனுப்பியது ஒரே ஒரு வரி. குடியாத்தத்தில் என் சின்ன மாமா, பையன் ஏதோ வெளிநாட்டுக் கம்ப்யூட்டரையே பிரித்துப் போட்டு மாட்டுகிறான் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அப்படி எதுவும் நடக்கவில்லை. எண்ணினால் முப்பது எழுத்துகூடத் தேறாத ஒரு வரி. அதற்கு ஆறு முறை திருத்தம், 19 நாள், வீட்டுக்குள் ஒரு கட்சிப் பிளவு.

விஷயம் இதுதான். 1970-களின் கடைசியில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கிளம்பிய பி.எஸ்.டி யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் வாரிசுகள் இன்றைக்கும் நன்றாகவே இருக்கிறார்கள். ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி என்று தனித்தனிக் குடித்தனம். மூலநிரல் திறந்தே கிடக்கும், யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். நான் அனுப்பியது எந்த வீட்டுக்கு என்று சொல்லப் போவதில்லை. நாளைக்கு மறுபடி அந்த வாசலில் போய் நிற்க வேண்டியவன்.

இந்தக் குடும்பத்தில் காலண்டர் என்று ஒரு குட்டி நிரல் உண்டு. பெயரைத் தட்டினால் இன்றைக்கும் நாளைக்கும் என்ன விசேஷம் என்று சொல்லும். வெள்ளிக்கிழமை தட்டினால் திங்கள் வரைக்கும் சேர்த்தே சொல்லிவிடும், சனி ஞாயிறு யார் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போகிறார்கள் என்ற நல்லெண்ணம். தகவல் எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கும். எந்த நாளில் எந்தப் போர், யார் பிறந்தார், யார் எங்கே இறங்கினார் என்று. ஒரு ஜூன் மாத மத்தியானம், வெயிலில் வேலை ஓடாமல், என்னிடம் இருந்த பதிப்பில் ஜூலை 10-ஐத் தேடினேன். வேலூர் இல்லை.

வேலூர்க்காரனுக்கு இது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1806 ஜூலை 10. 1857-க்கு 51 வருஷம் முன்னாலேயே கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்த நாள். கோட்டைக்கு எதிரே மக்கான் பக்கம் நினைவுத்தூண் இருக்கிறது, வருஷா வருஷம் மாலை போடுகிறார்கள். 2006-ல் தபால் தலைகூட வந்தது. தபால் தலைக்கு 200 வருஷம் ஆனது. நான் ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

வரியைச் சேர்த்தேன். ஏழு, சாய்கோடு, பத்து, ஒரு டேப், பிறகு ஆங்கிலத்தில் 'வேலூர் மியூட்டினி, 1806'. பழைய கோப்புக்கும் புதியதற்கும் என்ன வித்தியாசம் என்று காட்டும் டிஃப் எடுத்தேன். பிரவுசரில் மெயிலைத் திறந்து ஒட்டினேன். அனுப்பிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்ப் பாயை விரித்துப் படுத்தேன். சரித்திரத்துக்கு ஏதோ செய்துவிட்டவன் தூங்குகிற தூக்கம்.

காலையில் பதில் இருந்தது. அன்புள்ள என்று இல்லை, நன்றி என்று இல்லை. 'பேட்ச் ஏறவில்லை. டேப் எல்லாம் ஸ்பேஸ் ஆகியிருக்கிறது.' அவ்வளவுதான்.

டிஃப் என்பது வெறும் புது வரி மட்டும் இல்லை. மேலே மூன்று வரி, கீழே மூன்று வரி பழையதையும் கூடவே எடுத்துக்கொண்டு போகும். அந்த ஆறு வரியையும் அடையாளம் பார்த்துத்தான், லாரி வால் 1985-ல் எழுதிக் கொடுத்த பேட்ச் என்ற நிரல் (அது செருகுகிற திருத்தத்துக்கும் அதே பெயர்தான்), புதியதை எங்கே செருகுவது என்று முடிவு செய்யும். நான் மெயில் பெட்டியில் ஒட்டியபோது டேப் ஒவ்வொன்றும் சத்தமில்லாமல் ஸ்பேஸாக மாறிவிட்டது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். பேட்சுக்கு, அது வேறு ஊர்.

நான் பல் துலக்கிக்கொண்டே முணுமுணுத்தது நைனா காதில் விழுந்துவிட்டது. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா நெசவாளர் சங்கம் ஒன்றில் முப்பது வருஷம் லுங்கி பார்த்தவர். பார்த்தவர் என்றால், தறிக்காரர் கொண்டுவருகிற துணியை மேசையில் விரித்து, ஒரு அங்குலச் சதுரத்தில் எத்தனை இழை என்று மடக்குக் கண்ணாடி வைத்து எண்ணி, சரியாக இருந்தால் கரையில் சீல் குத்துகிறவர். இல்லாவிட்டால் மடித்துத் திருப்பிக் கொடுக்கிறவர். இந்த இரண்டாவது வேலையைத்தான் அதிகம் ரசித்துச் செய்தார் என்று அம்மா சொல்வாள்.

"இன்னாடா, திருப்பி அனுப்பிட்டானா?" என்றார். குரலில் ஒரு சந்தோஷம் தெரிந்தது.

"ஒண்ணுமில்ல நைனா. இடைவெளி மாறிப்போச்சாம். பார்த்தா ஒரே மாதிரிதான் கீது. இதுக்குப் போய்..."

"எங்கே காட்டு."

அலமாரியிலிருந்து அந்த மடக்குக் கண்ணாடியை எடுத்து வந்தார். பித்தளை, மூலையில் நிறம் போயிருந்தது. லேப்டாப் திரையில் அப்படியே வைத்துக் குனிந்தார். நான் பேசாமல் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தார்.

"வெள்ளைன்னு சொன்னே. உள்ளே சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு இழை ஓடுது. சாயமே கலப்படம்."

அது திரையின் வேலை நைனா, எல்லாத் திரையும் அப்படித்தான் என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. "பாவுல ஒரு இழை விட்டுப்போனா கடையில தெரியாது. ரெண்டு தோய் தோய்ச்சா தெரியும். அவன் சொல்றது சரிதான்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

எரிச்சல் என்னவென்றால், அவன் சொன்னது உண்மையிலேயே சரி. இந்தக் காலண்டர் கோப்பில் தேதிக்கும் செய்திக்கும் நடுவே டேப் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நிரல் அந்த வரியைத் திட்டக்கூடச் செய்யாது, பார்க்காத மாதிரி தாண்டிப் போய்விடும். என் பேட்ச் ஏறியே இருந்தாலும் ஜூலை 10 அன்று வேலூர் வந்திருக்காது. இதை நான் நைனாவிடம் சொல்லவில்லை.

இரண்டாவது தடவை மெயிலை ஒழுங்கான வழியில் அனுப்பினேன். பேட்ச் ஏறியது. ஆனால் போகிற போக்கில் நான்கு வரி தள்ளி இருந்த ஒரு எழுத்துப்பிழையையும் திருத்தியிருந்தேன், புண்ணியமாகப் போகட்டும் என்று. 'ஒரு பேட்சில் ஒரு விஷயம். இதைப் பிரித்து அனுப்பவும்.'

இந்த முறை நானாகவே நைனாவிடம் போனேன். நல்லது செய்ததற்குத் திட்டு வாங்கியவனுக்கு வீட்டில் இரண்டு வார்த்தை ஆறுதல் கிடைக்காதா?

"லுங்கி கொண்டாறவன் மடிப்புக்குள்ள ஒரு துண்டையும் சுருட்டி வெச்சிக் குடுத்தா நான் எதைன்னு பதிவேன்? லுங்கின்னா, துண்டுன்னா?" என்றார்.

பிரித்து அனுப்பினேன். எழுத்துப்பிழைத் திருத்தம் அன்றைக்கே உள்ளே போய்விட்டது. வழியில் கிடந்த துண்டுக்குச் சீல், லுங்கி வாசலிலேயே நின்றது.

மூன்றாவது சுற்றில்தான் கூட்டம் சேர்ந்தது. இன்னொரு டெவலப்பர் வந்து, மியூட்டினி, அதாவது கலகம், என்பது ஆண்ட கம்பெனியின் சொல் இல்லையா, எழுச்சி என்று போடலாமே என்றார். மூன்றாமவர், புத்தகங்களில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும், தேடுகிறவனுக்குக் கிடைக்க வேண்டும் என்றார். நான்காமவருக்குக் காற்புள்ளி பிடிக்கவில்லை.

பி.எஸ்.டி உலகத்தில் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது. 1999-ல் ஃப்ரீபிஎஸ்டியில், ஸ்லீப் என்ற கமாண்ட் முழு விநாடி மட்டும்தான் தூங்க வேண்டுமா, அரை கால் விநாடியும் தூங்கலாமா என்று பெரிய சர்ச்சை. அப்போது பவுல்-ஹென்னிங் காம்ப் என்ற டெவலப்பர், எழுத்தாளர் பார்க்கின்சனின் பழைய உதாரணம் ஒன்றை எடுத்து வைத்தார். அணு உலைக்கு ஒப்புதல் கேட்டால் யாருக்கும் புரியாது, கையெழுத்து போட்டுவிடுவார்கள். சைக்கிள் கொட்டகைக்குக் கேட்டால் ஆளாளுக்கு ஒரு பெயின்ட் சொல்வார்கள். அந்தக் கொட்டகைதான் பெயர்: பைக்ஷெட். கல்யாணப் பத்திரிகைக்கு புரூஃப் பார்த்த எவருக்கும் இதை விளக்க வேண்டாம். மண்டப வாடகையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள், பிள்ளையார் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் ஒரு ராத்திரி போகும்.

நைனாவுக்கு இந்தச் சுற்றில் மட்டும் ரிவ்யூ செய்கிறவர் மேல் கோபம் வந்தது. கலகம் என்று எழுதியதே நான்தான் என்பதைச் சொன்ன பிறகு கோபம் சரியான முகவரிக்குத் திரும்பியது. "படிக்க வெச்சது இதுக்கா?" என்று ஆரம்பித்து, 'இந்திய விடுதலைக்கு வித்திட்ட முதல் வீரஞ்செறிந்த' என்று தொடங்கும் ஒரு வாசகத்தைச் சொல்லி, எழுதிக்கொள்ளச் சொன்னார். எண்ணிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் போட்டால் 80 எழுத்துக்கான அகலத்தைத் தாண்டி அடுத்த வரிக்கும் போகும். இடமில்லை என்றேன். "கரையைக் குறைச்சிக்கச் சொல்லு" என்றார்.

கடைசியில் எழுச்சி என்ற சொல்லுக்குப் பெரும்பான்மை கிடைத்தது. நைனா நடுநிலை வகித்தார்.

அடுத்தது, ஏன் இந்த மாற்றம் என்று இரண்டு வரி எழுதச் சொன்னார்கள். இதில்தான் நான் அளவு மீறினேன். ராத்திரி உட்கார்ந்து ஒரு கட்டுரையே எழுதிவிட்டேன். 1805 நவம்பரில் மதராஸ் படையின் தலைமைத் தளபதி கிராடக், நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகைதான் என்று உத்தரவு போட்டது. அதாவது, பயன்படுத்துகிறவன் ஒருவனிடமும் ஓகே வாங்காமல் மேலிருந்து நேராக இறக்கிய மாற்றம். முஸ்தபா பேக் என்ற சிப்பாய், உள்ளே சதி நடக்கிறது என்று ஜூன் மாதமே அதிகாரியிடம் போய்ச் சொன்னது. அவருக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டி அடைத்து வைத்தது. பிழை அறிக்கை வந்தது, 'இது பிழை அல்ல' என்று மூடினார்கள். மூன்று வாரத்தில் கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது. அப்புறம் ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு ஓடிவந்தது. ஒன்றையும் விடவில்லை.

பதில் வந்தது. 'மிகவும் சுவாரசியம். முழுவதும் படித்தேன். இரண்டு வரி ஆக்கவும்.'

ஆக்கினேன். ஐந்தாவது திருத்தம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது: ஜூலை 10-ஐ ஜூலை 11-க்குக் கீழே வைத்திருந்தேன். இத்தனை பேர் நான்கு சுற்று பார்த்தும் சொல்லிலேயே நின்றுவிட்டார்கள், தேதி வரிசையை ஒருவரும் பார்க்கவில்லை. கண்டுபிடித்தது காற்புள்ளிக்காரர்.

ஆறாவதை அனுப்பிய மூன்றாம் நாள், முதலில் பதில் போட்ட அந்த ஆளிடமிருந்து இரண்டே எழுத்து வந்தது. 'ஓகே'. நம் ஊரில் ஓகே என்றால் சரி, விடு என்று அர்த்தம். அங்கே அது கையெழுத்து. ஓபன்பிஎஸ்டியின் மாற்றக் குறிப்புகளைப் பார்த்தால் வரியின் கடைசியில் ஓகே போட்டு, இன்னார் என்று பெயர் இருக்கும். நாளைக்கு ஏதாவது உடைந்தால் அந்த ஆளும் கூட நிற்க வேண்டும். எனக்கு இன்னும் ஒரு ஓகே வேண்டியிருந்தது. அது வரவில்லை. யாரோ விடுமுறையில் இருக்கிறாராம்.

இதை நைனாவிடம் சொன்னபோது முதல்முறையாக மரியாதையோடு தலையை ஆட்டினார். "எங்க சங்கத்துலேயும் ரெண்டு கையெழுத்துதான். நான் ஒண்ணு, மேனேஜர் ஒண்ணு. மேனேஜர் பொண்ணு கல்யாணத்தப்போ 12 நாள் துணி அப்படியே கட்டுல கெடந்தது. காத்துக்கினு இரு."

காத்துக்கினு இருந்தேன். ஜூலை 9 சாயங்காலம் பொறுக்க முடியவில்லை. என் மெஷினில் மட்டுமாவது வரட்டும் என்று பேட்சை நானே ஏற்றி, காலண்டரைத் தட்டினேன். நாளைக்கான நிகழ்ச்சியும் வரும் இல்லையா, வந்தது. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி. நைனாவைக் கூப்பிட்டேன், அம்மாவையும் கூப்பிட்டேன்.

நைனா எழுத்துக்கூட்டிப் படித்தார். தேதியைப் பார்த்தார், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

"ஒரு நாள் முந்தியே சொல்லுதே! வெள்ளைக்காரன்கிட்ட இது இருந்திருந்தா தப்பிச்சிருப்பான்."

"முந்தியே சொன்னவனைத்தானே பைத்தியம்னு அடைச்சாங்க" என்றாள் அம்மா. என் கட்டுரையை முழுவதும் படித்த இரண்டாவது ஆள் அம்மா என்று அப்போதுதான் தெரிந்தது.

நைனா கண்ணாடியைத் தேடவில்லை. வெறும் கண்ணாலேயே இன்னும் கொஞ்சம் குனிந்தார். விரலைத் திரையில் வைத்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"இங்கே பாரு. காற்புள்ளிக்கு அப்புறம் இடைவெளி அகலமா கீது. ரெண்டு தட்டு தட்டிக்கீறே."

தட்டியிருந்தேன். ஏழாவது திருத்தம் அன்றைக்கு ராத்திரியே போனது.