பழைய சைக்கிளுக்குப் புது பிரேக்

பழசாக வாங்கின சைக்கிள், நல்ல கனமான இரும்பு வண்டி, ஓட்டச் சுகம்தான், ஆனால் மழையில் மதுரை ஏ.வி. பாலத்தில் வரும்போது எவ்வளவு இறுக்கிப் பிடித்தும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்ததில் ஈரக்குலையே நடுங்கிவிட்டது.

கழற்றிப் பார்த்தால் பிரேக் கட்டை கல் மாதிரி இறுகிப்போய்ப் பளபளவென்று இருந்தது. இதில் இருப்பது ஒயருக்குப் பதில் கெட்டியான இரும்புக் கம்பி இழுக்கிற பழைய கம்பி பிரேக்; அதில் கட்டை ரிம்மின் உள்பக்கத்தைப் பிடிக்கும்; அந்த ரிம்மின் ஓரம் வளைந்திருப்பதால் பக்கவாட்டில் கடிக்கிற ஒயர் பிரேக்கை அப்படியே மாட்ட முடியாது. சரி, முன்சக்கரத்துக்கு மட்டும் அலுமினிய ரிம்மும் ஒயர் பிரேக்கும் போட்டுவிடலாம் என்றார் கடைக்கார அண்ணன். இரும்பு ரிம் நனைந்தால் பிடிமானம் ரொம்பவே குறையும், அலுமினியம் அவ்வளவு மோசமில்லை. பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்வதால், வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் முன் பிரேக்தான்.

நேற்று தூறலில் யானைக்கல் பக்கம் ஓட்டினேன். இரண்டு விரலால் பிடித்ததுமே நின்றது! பின்னால் இன்னும் கம்பிதான், அதற்கும் புதுக் கட்டை போட்டாச்சு.