பூரட்டாதிக்குப் பக்கத்தில் ஒரு மூத்த சூரியன்

51 பெகாசி என்ற நட்சத்திரத்தைப் பார்த்தே தீர்வது என்று பைனாகுலரை எடுத்ததிலிருந்து அது கண்ணில் பட 38 நாள் ஆயிற்று. கொழிஞ்சாம்பாறையில் ஐப்பசி முழுக்க மேகம். கார்த்திகையில் மேகம் விலகியது, ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பிடித்துக்கொண்டது. அந்த 38 நாளில் அங்கே கிட்டத்தட்ட ஒன்பது வருடம் ஓடிவிட்டது. அதன் கோளுக்கு ஒரு வருடம் என்பது 4.23 நாள்தானே!

இடம் தேடுவது நமக்குச் சுலபம். பெகாசஸ் என்ற விண்மீன் கூட்டத்தில் உள்ள பெரிய சதுரத்தின் மேற்கு ஓரத்து நட்சத்திரங்கள் இரண்டும்தான் பூரட்டாதி. அவற்றை ஒரு கோட்டால் இணைத்தால், ஏறக்குறைய பாதி வழியில், கோட்டிலிருந்து ஒன்றரை பாகை மேற்கே தள்ளி 51 இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சேச்சிக்கு இதில் ஏக சந்தோஷம். பூருருட்டாதி (பூரட்டாதிக்கு மலையாளப் பெயர்) அவர் மகனுடைய ஜன்ம நட்சத்திரமாம்.

இவ்வளவு சுலபமானதை நான் மூன்று இரவு தவறவிட்டேன். உச்சியைப் பார்க்க வேண்டியிருந்ததால் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, தெற்கே தலை வைத்துப் படுத்தேன். வரைபடத்தில் வடக்கு மேலே இருக்கும், கிழக்கு இடப்பக்கம் வரும். என் கண்ணுக்கோ வானம் தலைகீழ். சதுரத்துக்கு வெளியே தேட வேண்டியதை உள்ளேயே துழாவிக்கொண்டிருந்திருக்கிறேன். சரி, திரும்பிப் படுக்கலாம் என்று எழுந்தால் அம்மா பிடித்துக்கொண்டார்: "வடக்கே தலை வெக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?" வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்தேன். பிரச்சினை தீர்ந்தது.

பத்துக்கு ஐம்பது பைனாகுலர், அதாவது பத்து மடங்கு பெருக்கம், 50 மில்லிமீட்டர் லென்ஸ். காற்றில் கை ஆடாமலிருக்க முழங்கைக்கு அடியில் தலையணை. மஞ்சள் நிறம் தெரியும் என்று எதிர்பார்த்திருந்தேன். எனக்கு வெள்ளைப் புள்ளியாகத்தான் பட்டது. 50 ஒளியாண்டுத் தொலைவு, ஒளிர்வு எண் 5.5 (எண் கூடக்கூட மங்கல், ஏறக்குறைய 6 வரைதான் வெறும் கண்ணுக்கு எட்டும்). சூரியனைவிட வயதில் மூத்தது, உருவத்திலும் கொஞ்சம் பெரியது. அதன் கோள் எடையில் வியாழனில் கிட்டத்தட்ட பாதியாவது இருக்கும். ஆனால் நம் புதன் சூரியனுக்கு இருக்கும் தூரத்தில் ஏழில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவான தூரத்தில் சுற்றுகிறது. 1995இல் இதைக் கண்டுபிடித்த வானியலாளர்கள் மிஷேல் மயோரும் திதியே கெலோவும் கோளை நேரில் பார்க்கவில்லை. கோள் இழுக்கும் இழுப்பில் நட்சத்திரம் முன்னும் பின்னும் ஆடுவதை அதன் நிறமாலையில் அளந்தார்கள். அந்த ஆட்டம் மணிக்கு 200 கிலோமீட்டர், கோயம்புத்தூர் ரோட்டில் யாரும் ஓட்டாத வேகம்தான், ஒரு நட்சத்திரத்துக்கு அது வெறும் நடுக்கம். 2019இல் நோபல் வந்தது.

வெறும் கண்ணால் பார்க்கும் ஆசையைத் தெருவிளக்கு கெடுத்துக்கொண்டே இருந்தது. நேற்று எட்டு மணிக்குக் கரண்ட் போனது. நேராகப் பார்த்தால் இல்லை. ஓரக்கண்ணால் பார்த்தால் இருக்கிறது. அம்மாவையும் கூப்பிட்டேன். அவர் சதுரத்தைப் பிடிப்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

அடுத்தது எச்.டி. 209458 என்ற நட்சத்திரம். அதே பெகாசஸில் இருக்கிறது. அதன் கோள் குறுக்கே வரும்போது ஒளி ஒன்றரை சதவீதம் குறையும். அதற்குக் கேமரா வேண்டும், இரவல் கேட்டிருக்கிறேன்.