12 குழந்தைகள்

காலையிலேயே அதே ஃபார்வர்டு: ‘எம்எம்ஆர் ஊசி போட்டால் ஆட்டிசம் வரும்.’

எம்எம்ஆர் என்பது தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசி. இந்தப் பேச்சின் வேர் 1998-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை. பார்த்தது மொத்தம் 12 குழந்தைகளை. ஊசி போடாதவர்களோடு ஒப்பீடே கிடையாது. 2010-இல் லான்செட்டே அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. (அது மட்டும் ஃபார்வர்டில் வராது.)

டென்மார்க்கில் 1999 முதல் 2010 வரை பிறந்த 6,57,461 குழந்தைகளைப் பதிவேடுகள் வழியே பின்தொடர்ந்தார்கள். 6,517 பேருக்கு ஆட்டிசம். ஊசி போட்டவர்களிடம் அது கூடுதலாக இல்லை. அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆட்டிசம் இருந்த குழந்தைகளைத் தனியே பிரித்துப் பார்த்தும் அதே விடைதான்.

ஜப்பான் 1993-இல் எம்எம்ஆரை நிறுத்தியது. அங்கே யோகோஹாமா நகரில் ஆட்டிசம் எண்ணிக்கை அதன் பிறகும் ஏறிக்கொண்டேதான் போனது.

பெற்றோரைக் குழப்புவது வயது. ஊசி போடுவது ஒரு வயதை ஒட்டி. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை திரும்பவில்லை, பேச்சு வரவில்லை என்று கண்ணில் படுவதும் அதற்குச் சற்றுப் பின்னால்தான்.